லைம் ரீஜிஸ் ரயில் நிலையம்: கேட்டவையும் பதில்களும்

இங்கிலாந்தின் டார்செட் மாவட்டக் கடலோர ஊர் லைம் ரீஜிஸ். பக்கத்து டெவன் மாவட்டத்தின் ஆக்ஸ்மின்ஸ்டரிலிருந்து அங்கே ஆறேமுக்கால் மைல் கிளைப்பாதை ஒன்று ஓடியது. அந்தப் பாதை, அதன் கடைசி நிலையம், எஞ்சின்கள், பாலம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஊரின் மற்ற வரலாறு என் துறை இல்லை.

தண்டவாளம்: சார், எப்போது திறந்தார்கள், எப்போது மூடினார்கள்? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு தேதி போட்டிருக்கிறார்கள்.

திறந்தது 1903 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை. பயணிகளுக்கு மூடியது 1965 நவம்பர் 29, அதுவும் திங்கட்கிழமை. சரக்குப் போக்குவரத்து அதற்கு முன்பே, 1964 பிப்ரவரியில் நின்றுவிட்டது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பிரிட்டிஷ் ரயில்வே ஆவணங்களில் மூடல் தேதி என்று இருப்பது ரயில் ஓடாத முதல் நாள். கடைசி ரயில் ஓடிய நாள் அதுவல்ல. பெரும்பாலும் திங்கட்கிழமையைப் போடுவார்கள். கடைசி வண்டி அதற்கு முந்தைய வார இறுதியிலேயே போயிருக்கும். எந்தக் கிளைப்பாதைக்கும் இதை நினைவில் வையுங்கள். "நவம்பர் 29 அன்று கடைசி ரயில்" என்று யாராவது எழுதியிருந்தால், அவர் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள்.

நிறுவனங்களின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆக்ஸ்மின்ஸ்டர் அண்ட் லைம் ரீஜிஸ் லைட் ரயில்வே என்ற தனிக் கம்பெனி. வண்டியை ஓட்டியது லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் என்ற பெரிய ரயில் கம்பெனி. 1907 ஜனவரியில் அவர்களே பாதையை வாங்கிக்கொண்டார்கள். 1923 முதல் சதர்ன் ரயில்வே, 1948 முதல் பிரிட்டிஷ் ரயில்வே.

சிலேட்டு: ஆக்ஸ்மின்ஸ்டருக்கு 1860இலேயே ரயில் வந்துவிட்டது. பக்கத்து ஊருக்கு வர ஏன் 43 வருஷம்?

காரணம் இரண்டு, மண்ணும் பணமும்.

முதலில் மண். லைம் ரீஜிஸ் ஊரும் பாறைச்சரிவும் நிற்பது புளூ லயாஸ் என்ற அடுக்கின் மேல். மெல்லிய சுண்ணாம்புக்கல், அதன் கீழ் களிமண், மறுபடி கல், மறுபடி களிமண் என்று அடுக்கிவைத்ததுபோல் இருக்கும். அதற்கும் மேலே பசுமணற்கல்லும் சுண்ணப்பாறையும். மழைநீர் மேலடுக்கு வழியாகச் சுலபமாக இறங்கிக் களிமண்ணில் வந்து நின்றுவிடும். அந்த வழுக்கலில் மேலே இருப்பதெல்லாம் கடலை நோக்கி நகரும். 1839 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆக்ஸ்மத்துக்கும் லைம் ரீஜிஸுக்கும் நடுவே பிண்டன் என்ற இடத்தில் விளைநிலம் அப்படியே பிளந்து இறங்கியது. அதை அறிந்த எந்தப் பொறியாளரும் கடலோரமாகப் பாதை போட முன்வர மாட்டார். உள்நாட்டுப் பக்கமாக மலையேறி இறங்கத்தான் வேண்டும்.

இரண்டாவது பணம். மக்கள்தொகை இன்றுகூட நாலாயிரத்தை எட்டாத ஊர். 1871இல் நாடாளுமன்ற அனுமதி வாங்கி, 1874இல் முதல் மண்ணை வெட்டி விழாவும் எடுத்தார்கள். வேலை அதோடு நின்றது. 1896இல் லைட் ரயில்வே சட்டம் வந்த பிறகுதான் கணக்கு கூடிவந்தது. அந்தச் சட்டத்தின்படி தனி நாடாளுமன்ற மசோதா தேவையில்லை, ஓர் உத்தரவு போதும். சிக்னல், வேலி, நிலையக் கட்டடம் எல்லாவற்றிலும் தளர்வு உண்டு. பதிலுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். இங்கே மணிக்கு 25 மைல். 1899இல் உத்தரவு கிடைத்தது, 1900 ஜூனில் வேலை தொடங்கியது.

பணம் மிச்சம்பிடிக்க வேண்டுமென்றால் மலையைக் குடையக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். அதனால் 40க்கு 1 சரிவு, 9 செயின் ஆர வளைவு. செயின் என்பது 66 அடி. 9 செயின் 594 அடி, ஏறக்குறைய 181 மீட்டர். பிரிட்டனின் வழக்கமான அளவுப் பாதைக்கு (ஸ்டாண்டர்ட் கேஜ்) இது மிகக் கூர்மையான வளைவு. இந்த இரண்டு எண்களையும் மனதில் வையுங்கள். அடுத்த அறுபது வருஷம் இந்தப் பாதையில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் இவைதான்.

மீன்குஞ்சு: நிலையம் ஏன் கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரம்?

தூரம் அரை மைல்தான். உயரம்தான் பிரச்சினை: கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 250 அடி. கரைவரை இறக்குவதற்கு இன்னும் செங்குத்தான சரிவு வேண்டும், அதுவும் நகர்கிற மண்ணில். லைட் ரயில்வே பணத்தில் அது நடக்காது. ஆக, கோடைவிடுமுறைக்கு வந்த குடும்பம் மூட்டைமுடிச்சோடு மலை இறங்கி, திரும்பும்போது அதே மலையை ஏற வேண்டியிருந்தது. இதற்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

பழையவண்டி: கடைசி ரயில் 29ஆம் தேதி மாலை எத்தனை மணிக்கு?

29ஆம் தேதி ரயிலே இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

கல்தச்சன்: கேனிங்டன் பாலத்தின் படத்தைப் பார்த்தேன். மேல்விளிம்பு ஒரு பக்கம் தொய்ந்தது போலத் தெரிகிறது. ஒரு வளைவுக்குள் இன்னொரு வளைவு வேறு இருக்கிறது. அலங்காரமா?

அலங்காரம் இல்லை, முட்டுக்கொடுத்தது. இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், விரிவாகவே சொல்கிறேன்.

அப்லைம் கிராமத்துக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது பாலம். நீளம் 203 கஜம், உயரம் 92 அடி, ஒவ்வொன்றும் 50 அடி அகலமுள்ள பத்து வளைவுகள். முழுக்க முழுக்கக் கான்கிரீட். உள்ளே இரும்புக் கம்பி கிடையாது. அச்சில் ஊற்றிக் கெட்டியாக்கிய வெறும் கான்கிரீட். ஜல்லிக்குப் பதிலாக உடைத்த சக்கிமுக்கிக் கல். சிமெண்டு கடல் வழியாக லைம் ரீஜிஸின் பழைய துறைமுகமான காப் என்ற கல்லணைக்கு வந்து, அங்கிருந்து மலையேறியது. பள்ளத்தாக்கின் குறுக்கே சுமார் 1,000 அடிக்குக் கம்பிவடம் கட்டி, அதில் தொங்கவிட்டுத்தான் பொருளை இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பொறியாளர் ஆர்தர் பெயின், ஒப்பந்தக்காரர் பால்ட்ரி அண்ட் யெர்பர்க்.

தவறு நடந்தது கான்கிரீட்டில் இல்லை, அதற்கு அடியில். மேற்குக் கரையில் முட்டுச்சுவரும் அதை ஒட்டிய தூணும் கட்டும்போதே அமுங்கத் தொடங்கின. மேலே சொன்ன அதே ஈர மண். கம்பியில்லாத கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைவு என்பது முழுக்க அழுத்தத்திலேயே நிற்கிற அமைப்பு என்பதால்தான் அந்தப் பொருள் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் ஒரு கால் மட்டும் கீழே இறங்கினால் வளைவின் வடிவம் கோணுகிறது, ஒரு பக்கம் இழுவிசை பிறக்கிறது, அங்கே விரிசல் விடும்.

இடித்துக் கட்டப் பணமில்லை. மேற்கிலிருந்து மூன்றாவது வளைவுக்குள் இரு தூண்களையும் பிணைக்கிற மாதிரி உள்ளே ஒரு தாங்கு வளைவைக் கட்டினார்கள். ஒரு தூண் நகர்ந்தால் அந்த அசைவு அடுத்தடுத்த வளைவுகளுக்குப் பரவாமல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். திறப்பு விழா தள்ளிப்போனதற்கு முக்கியக் காரணம் இந்த வேலைதான். அதன்பின் அந்தப் பாலம் 62 வருஷம் ரயிலைச் சுமந்தது. இன்றும் நிற்கிறது, இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. படத்தில் நீங்கள் பார்த்த தொய்வு உண்மைதான். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் கைப்பிடிச்சுவர் மேல் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள், மேற்கு முனையில் கோடு கீழே வளையும்.

பனைமரம்: திரைப்படத்தில் நீராவி ரயில் போகுமே, அந்தப் பாலமா இது?

இல்லை. நீங்கள் நினைப்பது ஸ்காட்லாந்தின் கிளென்ஃபினன்: 21 வளைவு, 1,248 அடி. இரண்டும் கம்பியில்லாக் கான்கிரீட், காலமும் ஏறக்குறைய ஒன்று. அதோடு ஒற்றுமை முடிந்தது.

ஊர்சுற்றி: பாலத்தின் மேல் நடக்கலாமா அண்ணே?

கூடாது. பாதை நிலம் தனியாருடையது, மேலே பாதுகாப்பு ஏற்பாடு கிடையாது, 92 அடி உயரம். கீழே சாலையிலிருந்தும் பொது நடைபாதையிலிருந்தும் நன்றாகத் தெரியும். தாங்கு வளைவும் தொய்வும் கீழிருந்து பார்த்தால்தான் புரியும். மேலே நின்றால் புல்தான் தெரியும்.

கரிப்புகை: 1880களில் செய்த எஞ்சினை 1961 வரை இங்கே ஓட்டினார்களாமே? கஞ்சத்தனம்தானே?

கஞ்சத்தனம் இல்லை, வேறு எஞ்சின் எதுவும் அந்தப் பாதையில் வேலை செய்யவில்லை. ஒவ்வொன்றாக முயன்றுதான் பார்த்தார்கள்.

1903இல் முதலில் வந்தவை டெரியர் வகைச் சிறு எஞ்சின்கள் இரண்டு. பிரைட்டன் கம்பெனியிடமிருந்து வாங்கியவை, சுமார் 28 டன். பாதைக்கு லேசு, ஆனால் 40க்கு 1 ஏற்றத்தில் கோடைக்கால வண்டியை இழுக்க வலு போதவில்லை. அவற்றில் ஒன்று இன்றும் வைட் தீவில் உயிரோடு இருக்கிறது. அடுத்து ஓ-2 வகை. வலு இருந்தது. ஆனால் அது 0-4-4 (முன் சிறு சக்கரம், நடுவில் இயங்கு சக்கரம், பின் சிறு சக்கரம் என்ற வரிசையில் எண்ணிக்கை). முன்னால் வழிகாட்டும் சிறு சக்கரம் கிடையாது. வளைவுக்குள் நுழையும்போது முதல் பெரிய சக்கரமே தண்டவாளத்தை உரசித் திருப்ப வேண்டும். சக்கர விளிம்பு தேய்ந்தது, எஞ்சின் சட்டம் நெளிந்தது, தண்டவாளமும் இடம்விட்டு நகர்ந்தது.

1913இல் வந்தது வில்லியம் ஆடம்ஸ் வடிவமைத்த ரேடியல் டேங்க், 4-4-2. டேங்க் என்றால் தண்ணீரையும் கரியையும் தன்மேலேயே சுமக்கும் எஞ்சின். லண்டன் புறநகர் வண்டிகளுக்காக 1882 முதல் 1885 வரை 71 செய்தார்கள். முன்னால் தனியாகத் திரும்பும் நாலு சக்கரச் சட்டம் (போகி). அதன் மையம் பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். பின்னால் இருக்கிற ஒற்றை அச்சுதான் சிறப்பு. அதன் அச்சுப்பெட்டிகள் நேரான தடத்தில் இல்லாமல் வில்போல் வளைந்த தடத்துக்குள் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் வளைவில் திரும்பும்போது அச்சு பக்கவாட்டில் சறுக்கும். சறுக்கும்போதே கோணமும் மாறி, வளைவின் மையத்தை நோக்கித் தானே திரும்பிக்கொள்ளும். நேர்பாதை வந்ததும் பக்கச் சுருள்கள் அதை நடுவுக்குத் தள்ளிவிடும். நடுவில் இரண்டே இரண்டு இயங்கு அச்சுகள் என்பதால் விறைப்பான நீளம் குறைவு. 9 செயின் வளைவுக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் அவர்களிடம் இல்லை.

மற்ற இடங்களில் இந்த வகை முழுவதையும் உடைத்துப் போட்ட பிறகும் லைம் ரீஜிஸுக்காக இரண்டை வைத்திருந்தார்கள். மூன்றாவது ஒன்று தேவைப்பட்டபோது, முதல் உலகப்போர்க் காலத்தில் விற்றுவிட்டு, பிறகு ஈஸ்ட் கென்ட் லைட் ரயில்வேயில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை 1946இல் திரும்ப வாங்கினார்கள். பிரிட்டிஷ் ரயில்வே எண்கள் 30582, 30583, 30584. திரும்ப வாங்கியது 30583. பழைய எண் 488, 1885இல் நீல்சன் கம்பெனி செய்தது. 1961இல் புளூபெல் ரயில்வே வாங்கியதால் இன்றும் பார்க்கலாம்.

நடுவில் கிரேட் வெஸ்டர்னின் 14 வரிசை எஞ்சின் ஒன்றையும் 1958இல் சோதித்தார்கள், ஏற்றத்தில் தோற்றது. பிறகு வளைவுகளைக் கொஞ்சம் தளர்த்தி, 1960இல் ஐவாட் வடிவமைத்த 2-6-2 டேங்கைச் சோதித்து, 1961இல் மாற்றினார்கள்.

அச்சாணி: அந்த ரேடியல் எஞ்சின் எத்தனை பெட்டி இழுக்கும்? கணக்காகச் சொல்லுங்கள்.

40க்கு 1 ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னும் 56 பவுண்டு விசையோடு பின்னால் இழுக்கும், 2,240ஐ 40ஆல் வகுங்கள். நாலு பெட்டி, தலா சுமார் 32 டன் என்றால் 128. எஞ்சின் சுமார் 55. மொத்தம் 183 டன். ஏற்றத்துக்கு மட்டும் 10,250 பவுண்டு வேண்டும். உருளும் தடைக்கும் வளைவில் உரசலுக்கும் டன்னுக்குப் பத்துப் பன்னிரண்டு பவுண்டு சேர்த்தால் 12,000ஐத் தாண்டும். எஞ்சினின் இழுவை 14,919 பவுண்டு. இது காகிதக் கணக்கு: பதினேழரை அங்குல சிலிண்டர், 24 அங்குல வீச்சு, 67 அங்குலச் சக்கரம், 160 பவுண்டு அழுத்தத்தில் 85 சதவீதம். ஆக, நாலு பெட்டி சுகமான எல்லை. ஐந்தாவது பெட்டி வந்தால் மிச்சம் கரைந்துவிடும். தண்டவாளம் ஈரமாக இருந்தால் அதற்கு முன்பே சக்கரம் வழுக்கும். கோடைச் சனிக்கிழமைகளில் லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேராக வந்த பெட்டிகளை இழுக்க இரண்டு ரேடியல்களைச் சேர்த்துப் பூட்டியது இதனால்தான்.

குறும்பாதை: மாதிரி ரயில் கட்டுகிறேன், ஓ-ஓ அளவு. வளைவும் சரிவும் எப்படி வைப்பது? அளவுகளுக்கு எதைப் பார்ப்பது?

ஓ-ஓ என்றால் 76.2க்கு 1. 9 செயின் ஆரம் 2.38 மீட்டர் ஆகும். கடைத் தண்டவாளத்தின் இரண்டாம் ஆர வளைவு 438 மில்லிமீட்டர்தான். அதாவது இங்கிலாந்துக்காரர்கள் கூர்மை என்று பயந்த வளைவு உங்கள் மேசைக்கு மிகப் பெரியது. வளையும் தண்டவாளத்தை வாங்கி, இடம் அனுமதிக்கிற அளவுக்குப் பெரிதாக வையுங்கள். நிலையத்துக்குள் மட்டுமாவது ஒரு மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். சரிவு மீட்டருக்கு 25 மில்லிமீட்டர். ஆனால் நிலையத்துக்குள் மட்டம் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கழற்றிவிட்ட பெட்டி உருண்டுவிடும்.

அளவுகளுக்கு பிரிட்டனின் அரசு வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல வரைபடத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அது 2,500க்கு 1. வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் உங்கள் மேசையில் 32.8 மில்லிமீட்டர். இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது: தாளின் ஓரத்தில் திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று இரண்டு இருக்கும். திருத்திய ஆண்டு 1903க்கு முந்தையது என்றால் அதில் ரயிலே இருக்காது.

குறும்பாதை: கடைசி நிலையத்தில் எஞ்சினை எப்படி முன்பக்கம் கொண்டுவருவார்கள்? திருப்புமேடை வேண்டுமா?

வேண்டாம். டேங்க் எஞ்சின் இரு திசையிலும் ஓடும், லூப் என்கிற பக்கத்து இணைத்தடத்தைச் சுற்றி வந்தால் போதும்.

வண்டி வந்து நின்றதும் முதலில் கார்டு தன் வேனில் கைபிரேக்கை இறுக்க வேண்டும். பிறகுதான் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே இறங்கி வேக்கம் (வெற்றிடப் பிரேக்) குழாய், குளிர்காலமென்றால் நீராவிச் சூடாக்கும் குழாய், கடைசியில் திருகு கப்ளிங் என்று கழற்றுவார்கள். எஞ்சின் பஃபர் முட்டுவரை முன்னால் போகும், பாயிண்டை (தடம்மாற்றியை) மாற்றுவார்கள், லூப் வழியாகப் பின்னால் ஓடி, பெட்டிகளைத் தாண்டி அடுத்த பாயிண்டுக்கு அப்பால் நின்று, திரும்பி வந்து மறுமுனையில் பூட்டிக்கொள்ளும். குழாய்களை மாட்டி, பெட்டிகளில் வேக்கம் ஏறியதைக் கார்டு தன் மானியில் பார்த்த பிறகே கைபிரேக்கைத் தளர்த்துவார்.

கைபிரேக் ஏன் முதலில் என்றால், வேக்கம் குழாயைப் பிரித்ததும் காற்று உள்ளே புகுந்து பிரேக் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் சிலிண்டர் கசியக் கசிய அந்தப் பிடி மெல்ல விட்டுவிடும். 40க்கு 1 சரிவுகள் இருக்கிற பாதையில் அதை நம்பி ஒரு வண்டியை விட்டுப் போகக் கூடாது.

கரிப்புகை: சார், மூடியது பற்றிச் சொல்லுங்கள். ரயில்வே தலைவர் பீச்சிங்கின் மூடல் அறிக்கை ஒரு சாக்குதான். 1963இல் பழைய கிரேட் வெஸ்டர்னின் வாரிசான வெஸ்டர்ன் ரீஜியன் கையில் வந்ததும் பழைய போட்டிக் கம்பெனியின் பாதைகளை வேண்டுமென்றே கொன்றார்கள். 1964 செப்டம்பரில் அட்லாண்டிக் கோஸ்ட் எக்ஸ்பிரஸையே நிறுத்தினார்களே.

நீங்கள் சொல்கிற தேதிகள் சரி. 1963 ஜனவரியில் சாலிஸ்பரிக்கு மேற்கே எல்லாம் வெஸ்டர்ன் வசம் போனது. பெயர்பெற்ற அந்த எக்ஸ்பிரஸ் 1964 செப்டம்பர் 5 வரைதான். ஆனால் லைம் ரீஜிஸ் 1963 மார்ச்சில் வந்த பீச்சிங் அறிக்கையிலேயே மூடல் பட்டியலில் இருந்தது. வெஸ்டர்ன் பொறுப்பேற்று மூன்றே மாதம். அறிக்கைக்கான கணக்கெடுப்பு அதற்கும் முந்தையது.

அந்தக் கணக்கெடுப்பில் அநியாயம் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். நிலைய வருமான வரைபடத்தில் எந்த நிலையத்தில் டிக்கெட் விற்றதோ அந்த நிலையத்துக்குப் பணம் சேர்ந்தது. கோடைக்கு லண்டனில் எடுத்த டிக்கெட் லண்டன் வருமானம். கடலோர நிலையம் எதுவும் அந்த வரைபடத்தில் ஏழையாகத்தான் தெரியும்.

சிலேட்டு: அப்படியானால் கார்ன்வாலில் லூ, செயின்ட் ஐவ்ஸ் ஏன் பிழைத்தன? அவையும் கோடைக்காலக் கிளைகள்தான், அவையும் பட்டியலில் இருந்தன. அவை வெஸ்டர்னின் சொந்தப் பிள்ளைகள், லைம் ரீஜிஸ் வளர்ப்புப் பிள்ளை. கரிப்புகை சொல்வது சரி.

நல்ல கேள்வி. லூ பாதையைக் காப்பாற்றியது வெஸ்டர்ன் இல்லை, அமைச்சர் பார்பரா காசில், 1966இல். மூடுவதற்கு இரண்டு வாரமே இருக்கும்போது நிறுத்தினார். லூவுக்குப் போகும் சாலைகள் குறுகி வளைந்தவை, கோடையில் பேருந்து அந்தக் கூட்டத்தைச் சுமக்காது என்பது காரணம். காசில் அமைச்சரானது 1965 டிசம்பர் 23. லைம் ரீஜிஸ் மூடி அப்போது நாலு வாரம்கூட ஆகவில்லை.

கரிப்புகை: பார்த்தீர்களா, ஒரு மாதம் தள்ளியிருந்தால் பிழைத்திருக்கும்!

பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். பக்கத்து சீட்டன் கிளை 1966 மார்ச் 7இல் மூடியது, சிட்மத் 1967 மார்ச் 6இல். இரண்டும் காசில் அமைச்சராக இருந்தபோதுதான். அதே பழைய கம்பெனியின் எக்ஸ்மத் கிளை இன்றும் ஓடுகிறது. உங்கள் சதிக் கணக்குப்படி எக்ஸ்மத்தும் செத்திருக்க வேண்டும். அது பிழைத்தது எக்ஸிடர் நகரத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இருந்ததால். பிப்ரவரி மாதத்து மழை நாளிலும் பெட்டி நிறைந்தது.

லைம் ரீஜிஸில் பிப்ரவரியில் யார் ஏறுவார்கள்? 250 அடி மலையேறி நிலையத்துக்கு வந்து, 25 மைல் வேகத்தில் சுற்றிச் சுற்றி இருபது நிமிடத்துக்கு மேல் போய், ஆக்ஸ்மின்ஸ்டரில் வண்டி மாற வேண்டும். சாலைவழித் தூரம் ரயில்பாதையைவிடக் குறைவு. பேருந்து ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடும். சாலை போதாத நெருக்கடி என்று லூ சொன்ன வாதத்தை லைம் ரீஜிஸ் சொல்ல முடியாது. ஆட்சேபனை கேட்ட பயணிகள் குழுவும் சிரமம் உண்டா என்று மட்டுமே பார்க்கச் சட்டத்தில் அனுமதி பெற்றது. கணக்கு சரியா என்று கேட்க அதற்கு உரிமை இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத குறை.

சிலேட்டு: ஆக, 1903இலேயே தீர்ப்பு எழுதியாயிற்று என்கிறீர்கள்?

நிலையத்தை அந்த மலைமேல் வைத்தபோதே குளிர்காலப் பயணிகள் போய்விட்டார்கள் என்கிறேன். மண் வேறு இடம் கொடுக்கவில்லை. வெஸ்டர்ன் ரீஜியன் நிர்வாகத்தில் லண்டன் நேர்ப்பெட்டிகள் போனதும் கோடைப் பயணிகளுக்கும் காரணம் குறைந்தது, அந்த அளவுக்குக் கரிப்புகை சொல்வதில் உண்மை உண்டு. இதற்கு மேல் இந்த விவாதம் இங்கே வேண்டாம். மற்றவர்கள் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்கள்.

மீன்குஞ்சு: மேரி ஆனிங் இந்த ரயிலில் புதைபடிவங்களை லண்டனுக்கு அனுப்பினாரா?

அவர் காலமானது 1847இல். ரயில் வந்தது 1903இல். புதைபடிவங்களுக்கு ஊர் அருங்காட்சியகத்தைக் கேளுங்கள்.

விளக்குக்கம்பம்: நிலையக் கட்டடம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் லைம் ரீஜிஸில் இல்லை. மரக்கட்டடம் என்பதால் 1979இல் பிரித்து எடுத்துப்போய், ஹாம்ப்ஷயரில் வாட்டர்கிரஸ் லைன் என்ற பாரம்பரிய ரயில்பாதையின் ஆல்ரஸ்ஃபோர்ட் நிலையத்தில் மறுபடி எழுப்பினார்கள். ஆல்ரஸ்ஃபோர்டுக்குச் சொந்தமான பழைய நிலையக் கட்டடமும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான கட்டடத்தைப் படமெடுத்து "லைம் ரீஜிஸ்" என்று போடுகிறவர்கள் நிறைய. லைம் ரீஜிஸில் நிலையம் இருந்த இடத்தில் இப்போது தொழில்கூடங்கள்.

புதுவரவு: எப்போது மூடினார்கள் சார்?

முதல் பதில். இதே கேள்வியை இனிமேல் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஊர்சுற்றி: மறுபடி திறக்க வாய்ப்பு உண்டா?

இல்லை. தண்டவாளத்தை 1967இல் எடுத்துவிட்டார்கள், நிலம் பல கைகளுக்குப் போய்விட்டது. முயற்சியெல்லாம் ஆக்ஸ்மின்ஸ்டரில் செலவிடப்பட்டது. அங்கே 2009 டிசம்பரில் மூன்று மைல் நீளத்துக்கு இரட்டைப்பாதை போட்ட பிறகு லண்டன்–எக்ஸிடர் வண்டி மணிக்கொன்று ஓடத் தொடங்கியது. பக்கத்தில் சீட்டன் பழைய பாதையில் 1970 முதல் டிராம் ஓடுகிறது. அந்தப் பாதை ஆற்றோரமாக மட்டமாகப் போகிறது, பெரிய பாலம் இல்லை.

கல்தச்சன்: பாலத்தின் அமுங்கல் பற்றி மூல ஆவணம் பார்க்க வேண்டும். எங்கே தேடுவது?

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். திறப்புக்கு முன் வர்த்தக வாரியத்தின் ஆய்வாளர் ஒவ்வொரு பாதையையும் பார்த்து அறிக்கை எழுத வேண்டும், அவை எம்.டி. 6, எம்.டி. 29 வரிசைகளில் இருக்கும். கம்பெனிக் கூட்டக் குறிப்புகளுக்கு லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்னின் ரெயில் 411 வரிசை. உத்தரவோடு தாக்கல் செய்த நில வரைபடத்துக்கு டார்செஸ்டரில் உள்ள டார்செட் காப்பகத்தையும் எக்ஸிடரில் உள்ள டெவன் காப்பகத்தையும் கேளுங்கள். நிலையம் டார்செட்டில், பாலம் டெவனில். ஒரு மாவட்டத்தில் மட்டும் தேடிவிட்டு "கிடைக்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். தேடும்போது பாலத்தின் பெயரைப் போடாதீர்கள். கம்பெனியின் முழுப் பெயரையும் 1902, 1903 ஆண்டுகளையும் போடுங்கள்.